பதினாறாம் நாள் வடை

"என் கருமாதிக்குச் சுட்ட வடைய நானே தின்னவ நான். நல்லா மொறுமொறுன்னுதான் இருந்துச்சு. உப்புதான் கம்மி."

தனக்கொடி இதைச் சொல்லும்போது கேட்பவர்களின் கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பாள். அது எவ்வளவு அகலத்துக்குத் திறக்கிறது என்பதில் அவளுக்கு ஒரு ருசி. பெங்களூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர் திறந்த வாயை மூட மறந்துபோய், அந்தத் தெருக் கொசு மொத்தமும் உள்ளே போய்க் குடித்தனம் வைத்ததில் கொசுவத்தி வியாபாரமே படுத்துவிட்டது என்றும் சொல்வாள். அதையும் யாரும் நம்பவில்லை. அறுபத்துச் சொச்சம் வயதில், நம்பப்படாமல் இருப்பதைப் போலச் சுகமான வேலை வேறு கிடையாது என்பது அவள் கட்சி.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்தப் பழைய கன்னியர் மடம். மதில் எவ்வளவு உயரம் என்றால், காக்கை பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதியைத் தாண்டும். கப்பலில் வந்திறங்கிய பிரெஞ்சுக் கன்னியர்கள் அதற்குள் போனார்கள். போனவர்கள் செத்தும் வெளியே வரவில்லை. புதைத்தது கூட உள்ளே பலாமரத்தடியில்தான். வெளியாள் முகம் பார்க்கக் கூடாது, தேவைக்கு மேல் ஒரு சொல் பேசக் கூடாது. சாப்பிடும்போது கரண்டி தட்டில் பட்டு ஓசை வந்தால், அன்றைக்கு மண்டியிட்டுத் தரையில் சாப்பாடு. ஊருக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்த ஒரே வழி, வாசல் சுவரில் பதித்த மரப்பீப்பாய். ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும். நின்ற வாக்கில் சுழலும். வெளியே இருப்பவன் கீரையோ பாலோ வைத்துத் தள்ளினால், திறந்த பக்கம் உள்ளே திரும்பிவிடும். எடுத்தது யார் என்று இவனுக்குத் தெரியாது; வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் அதற்குச் சுத்துப்பெட்டி என்று பேர் வைத்திருந்தார்கள்.

பிறகு கன்னியர்கள் கிழவிகளானார்கள். புதிதாக வர ஆளில்லை. எண்பதுகளில் மிச்சமிருந்தவர்களை ஒரு வேனில் ஏற்றி எங்கோ மலைப்பக்கம் கொண்டுபோனார்கள். அதில் ஒருத்தி வாசலில் நின்ற ஆட்டோவைப் பார்த்துத் தேர் என்று நினைத்துக் கும்பிட்டாள் என்பது தனக்கொடியின் கைச்சரக்கு. அப்புறம் மடத்தில் ஆடுகள் குடியிருந்தன, ரேஷன் மூட்டைகள் குடியிருந்தன. ரெண்டாயிரத்து மூன்றில் ஓர் அறக்கட்டளை வந்து சுண்ணாம்பு பூசி, மஞ்சள் அடித்து, கலாச்சார மையம் என்று பலகை மாட்டியது. ஜெபக்கூடத்தில் பரதநாட்டியம். சாப்பாட்டுக்கூடத்தில் ஓவியக் கண்காட்சி. கன்னியர்கள் வெறுந்தரையில் படுத்த அறையில் ஒரு சிற்பி தங்கிக்கொண்டு, ஏ.சி. குளிரவில்லை என்று மாதாமாதம் சண்டை போட்டார்.

எல்லாம் மாறியும் மாறாதது சுத்துப்பெட்டியும், அதை ஒட்டிய வாசலறையும், அந்த அறையில் தனக்கொடியும். கன்னியர்கள் போனபோது அவளைக் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவள் கன்னியர் இல்லை; வேலைக்காரி என்றும் எழுதி வைக்கவில்லை. "ரெண்டு பக்கத்துச் சாமியும் என்னைத் தன் ஆளுன்னு சேத்துக்கல. அதான் சாவு வர மாட்டேங்குது, யார் வந்து கூப்புடறதுன்னு ரெண்டுத்துக்கும் தகராறு" என்பாள். மையத்தின் இயக்குநர் ஹேமலதா, இந்தக் கிழவியைத் துரத்துவதைவிட வைத்துக்கொள்வது லாபம் என்று கண்டு, சனிக்கிழமை வருபவர்களுக்கு மடத்துக் கதை சொல்லும் வேலையைக் கொடுத்தாள்.

கதை இப்படிப் போகும். அரியாங்குப்பத்து நாராயணசாமி மடத்துக்குக் கீரை போடுகிறவர். பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போய்ச் சில வருஷம் ஆகியிருந்த நேரம். அவருடைய மகள் தனக்கொடிதான் தினமும் ஆற்றைத் தாண்டி வந்து சுத்துப்பெட்டியில் கீரை வைப்பாள். அவளைத் தாய்மாமனுக்குக் கட்டிவைக்க நாள் குறித்தார்கள். மாமனுக்கு நாற்பது தாண்டியிருந்தது. ஏற்கெனவே ரெண்டு பெண்டாட்டியைச் சுடுகாட்டுக்கு அனுப்பிய அனுபவசாலி. பரிசம் போட வருகிற அன்றைக்குக் காலையில் தனக்கொடி கூடையை வெளியே வைத்தாள், பெட்டிக்குள் தான் ஏறி உட்கார்ந்துகொண்டாள், உள்ளேயிருந்து பலகையை உதைத்தாள். பெட்டி சுழன்றது. கீரையை எடுக்க வந்த வெள்ளைக்காரக் கன்னியர் கைவிட்டுத் துழாவியதில் ஒரு கொண்டை அகப்பட்டது. அந்த அம்மாள் மயங்கி விழுந்து, எழுந்து, மறுபடி தனக்கொடியைப் பார்த்து மறுபடி விழுந்தாள்.

"மடத்துக்குள்ள போனவ செத்தவதான்" என்றார் நாராயணசாமி. சொன்னதோடு நிற்கவில்லை. கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கருமாதி வழக்கமில்லை என்று பங்காளிகள் சொன்னதற்கு, "எம் பொண்ணு பொட்டிக்குள்ள பூந்து போறது மட்டும் வழக்கமாடா?" என்று கேட்டுவிட்டுப் பதினாறாம் நாள் படையல் போட்டார்.

அந்தப் பக்கத்தில் அப்போது ஒரு பழக்கம். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், கருமாதிச் சாப்பாட்டில் முதல் பங்கு மடத்துக்குப் போகும். இந்துவானால் என்ன, கிறிஸ்தவனானால் என்ன, செத்தவனுக்கு ஒரு வேண்டுதல் கூடுதலாக இருந்தால் கசக்கவா போகிறது. பங்கைக் கொண்டுபோகிறவன் பெட்டியில் வைத்துச் செத்தவர் பேரைச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து, மனப்பாடம் செய்த தமிழில், "வேண்டிக்கொள்கிறோம்" என்று பதில் வரும். நாராயணசாமி முறை தவறாத மனுஷர். மகளுக்குக் கருமாதி செய்துவிட்டு மடத்துக்குப் பங்கு அனுப்பாவிட்டால், கஞ்சன் என்று ஊர் பேசும். வடையைத் தூக்குச்சட்டியில் போட்டு மகன் கன்னியப்பனிடம் கொடுத்தனுப்பினார். மடத்துக்குள் தமிழ் தெரிந்தவள் தனக்கொடி ஒருத்திதான் என்பதால், சுத்துப்பெட்டிக்குக் காவலாக உள்ளே உட்கார வைத்திருந்தது அவளைத்தான்.

"யார் பேருக்குன்னு கேட்டேன். அதான் சட்டம். வெளிய எந்தம்பி குரல். 'தனக்கொடி பேருக்கு'ன்னான். வேண்டிக்கொள்கிறோம்னேன். அதுவும் சட்டம். அப்பறம் ஒண்ணு எடுத்துக் கடிச்சேன். 'டேய், உப்பு கம்மிடா'ன்னேன். ஓடுனான் பாருங்க."

அவள் கதை சொல்லத் தொடங்கிய முதல் வருஷம் தம்பி வெறுமனே ஓடினான். அடுத்த வருஷம் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அதற்குப் பிறகு வேட்டி அவிழ்ந்தது. போன தீபாவளியிலிருந்து வேட்டி நனையவும் தொடங்கியிருந்தது.

தம்பிமேல் அவளுக்கு அவ்வளவு பிரியம் வரக் காரணம் இருந்தது. மடம் மூடிய பிறகு அப்பா செத்த சேதி கேட்டு அரியாங்குப்பம் போய்த் தெருவில் நின்றாள். கன்னியப்பன் பந்தலிலிருந்து இறங்கி வந்து, ஊரே கேட்க, "யாரும்மா நீ? பிச்சைன்னா பொணம் எடுத்தப்பறம் வா" என்றான். பக்கத்தில் நின்ற ஒருவர் இரக்கப்பட்டு அவள் கையில் ஒரு நாலணாவும் வைத்தார். அதை அவள் அப்பன் பிணத்துக்கு முன்னால் இருந்த தட்டில் போட்டுவிட்டு வந்தாள்.

*

ரெண்டாயிரத்து ஆறு, ஆடி மாதம். ஹேமலதா வாசலறைக்கு வந்து, உட்காராமல் பேசினாள். உட்காராமல் பேசினால் நல்ல சேதி இல்லை.

"மடத்தோட வரலாறை நிரந்தரமா ஒரு சுவர்ல எழுதப் போறோம். உங்க கதையும் அதுல வர்ற மாதிரி இருந்தது. ஒரு தடவை சரிபார்த்துடலாம்னு அரியாங்குப்பம் போனேன். கன்னியப்பன் சாரைப் பார்த்தேன்."

"நல்லாருக்கானா? வேட்டி கட்டியிருந்தானா?"

"சிரிக்காதீங்கம்மா. அவங்க அக்கா தனக்கொடி மஞ்சக்காமாலையில இறந்துட்டாங்களாம். கருமாதியெல்லாம் ஒழுங்கா பண்ணாங்களாம். நீங்க யாரோ, அந்தப் பேரை எடுத்துக்கிட்டு ஏமாத்துறீங்கன்னு சொல்றார்."

தனக்கொடிக்குச் சிரிப்பு வரத்தான் வந்தது. பாதியில் எங்கோ மாட்டிக்கொண்டது.

"இந்த ரூமை காபி ஷாப்புக்குக் கேக்கறாங்க. இத்தனை நாள் நான்தான் சமாளிச்சேன், மடத்துல இருந்தவங்கன்னு சொல்லி. நீங்க அவங்க இல்லைன்னா, என்னால வச்சுக்க முடியாது. அந்தக் காலத்து ஆளுங்கள்ல உயிரோட இருக்கறது அவர் ஒருத்தர்தான். அவர் ஆமான்னு சொன்னா இருங்க. சொல்லலைன்னா மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "சனிக்கிழமை அவரே வர்றேன்னிருக்கார். எல்லார் முன்னாடியும் சொல்றாராம்" என்றாள்.

"பின்ன? ஆளில்லாத இடத்துல அவன் எச்சி கூடத் துப்ப மாட்டான்."

அன்று பகல் முழுக்கத் தனக்கொடி அறையில் இருந்ததையெல்லாம் பார்த்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், கயிற்றில் ரெண்டு புடவை. எடுத்துக்கொண்டு போக அதிக நேரம் ஆகாது. எங்கே போவது என்பதற்குத்தான் விடை இல்லை. செத்தவளுக்கு முதியோர் இல்லத்தில் என்ன பேர் கொடுப்பது.

*

கன்னியப்பன் தனியாக வரவில்லை. பஞ்சாலையில் கூட வேலை பார்த்து ஓய்வு பெற்ற கிழங்களைத் திரட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி வந்தார். அவரை இன்றைக்கும் எல்லோரும் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலை வாசலில் போலீஸ் தடியடி நடந்தபோது எல்லோரும் ஓட, இவர் மட்டும் நின்றார். முதுகில் தடி முறிந்தது, ஆள் நகரவில்லை. அந்த ஒரு பகலை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஊரில் சாப்பிட்டார்.

சனிக்கிழமைக் கூட்டம் வாசலறை முன்னால் கூடியிருந்தது. ஹேமலதா ஓரமாக நின்றாள்.

"இந்தம்மாவ எனக்குத் தெரியாது" என்று தொடங்கினார் கன்னியப்பன், மைக் இல்லாத மேடைப் பேச்சு. "எங்கக்கா தெய்வமாயிட்டாங்க. சின்ன வயசு. அவங்க பேர்ல இந்தம்மா வயிறு வளக்குது. பாவம், போகட்டும்னு இத்தினி நாள் விட்டேன்."

"வாடா தம்பி" என்றாள் தனக்கொடி. "இளைச்சிட்டியே."

"யாருக்கு யார் தம்பி?"

"சரி, தம்பி இல்ல. வந்த விருந்தாளி. உக்காருங்க ஐயா, கதை கேட்டுட்டுப் போங்க. காசு குடுத்து வந்தவங்க காத்திருக்காங்க."

சொன்னாள். கீரைக்கூடையைச் சொன்னாள், மாமனைச் சொன்னாள், மயங்கி விழுந்த கன்னியரைச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. சிரிப்பு எழும் இடமெல்லாம் பார்த்துக் கன்னியப்பன், "பொய்" என்று ஒரு சொல் போட்டுக்கொண்டிருந்தார். ஒரே சொல்லானாலும் ஆணி அடித்தது போல இறங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தனக்கொடியைப் பார்க்கும் பார்வை மாறுவதை அவள் கண்டாள். பைத்தியத்தைப் பார்க்கும் பார்வை. ஹேமலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

தனக்கொடி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வடைத் தூக்க எடுத்துக்கிட்டு வந்தானே எந்தம்பி, அவன் தெருமுனையிலேயே அழ ஆரம்பிச்சிட்டான். மூக்கு ஒழுகுது. ஒரு கையில தூக்கு, ஒரு கையில மூக்கு."

"பொய்."

"பேரைச் சொல்லச் சொல்ல நாக்கு குழறுது. உள்ளேர்ந்து என் குரல் கேட்டுச்சோ இல்லையோ, ஐயோ பேய், ஐயோ பேய்ன்னு ஓடுனான். வேட்டி இங்க விழுந்துச்சு. இந்த இடம். கோமணத்தோட வாய்க்கால் ஓரமா ஓடுறான். நாய் துரத்துது. பிரெஞ்சுக்காரப் பாட்டி ஒருத்தி மாடியிலேர்ந்து பாத்துட்டு ஜன்னலைச் சாத்திக்கிட்டா, அப்பறம் மறுபடி தொறந்துக்கிட்டா."

ஆலைக் கிழங்கள் பக்கமிருந்து ஒரு கனைப்பு. சிரிப்பை அடக்கிய கனைப்பு. தேவதாஸ் என்று ஒருவர். ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவர், வாய் கொஞ்சம் நீளம். "என்னா தலைவரே," என்றார் மெதுவாக, "தடியடிக்கு நின்னீங்க. வடைக்கு ஓடிட்டீங்களே."

"அவ ஏதோ ஒளர்றான்னா நீயும் கேட்டுக்கிட்டு சிரிக்கிற."

"கேளுங்க ஐயா," என்றாள் தனக்கொடி தேவதாஸைப் பார்த்து, "ஆத்துப் பாலத்துக்கிட்ட போனவுடனே அவனுக்குக் கால் வரல. அப்பிடியே நின்னபடிக்கே நனைச்சிட்டான். கள்ளுக்கடைக்காரங்க புடிச்சி, தண்ணி தெளிச்சி, தலையில செருப்பால தட்டி, பொம்பளப் புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி கையப் புடிச்சி வீட்டுல வுட்டாங்க. அன்னையிலேர்ந்து இவன் நின்ன எடத்துல நிக்கிறவன் இல்ல, சத்தம் கேட்டா ஓடுறவன். போலீஸ் தடியடியிலகூட ஓடியிருப்பான். கால்ல எதாவது மாட்டியிருக்கும்."

ஆலைக் கிழங்கள் இப்போது அடக்கவில்லை. முப்பது வருஷமாகத் தலைவரே தலைவரே என்று சொல்லிப் புளித்துப்போன வாய்கள் அவை. கிடைத்த ஓட்டையில் மொத்தமும் கொட்டியது. ஒருவர் தொடையில் தட்டினார். தேவதாஸ் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவது போல நின்ற இடத்தில் குதித்துக் காட்டினார்.

கன்னியப்பன் எழுந்தார். கழுத்து நரம்பு விரல் பருமனுக்குப் புடைத்திருந்தது.

"எவன்டா ஓடுனான்? நான் ஓடல. பொட்டிகிட்டயே நின்னேன்டா. நின்ன எடத்தவிட்டு அசையல."

சிரிப்பு நின்றது. வாயிலிருந்து போனதைத் திரும்ப இழுக்க ஒரு கயிறு தேடுவது போல அவர் வாய் திறந்து திறந்து மூடியது. தனக்கொடி அந்த வாயைத்தான் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் பார்த்த வாய்களிலேயே இதற்குத்தான் முதல் பரிசு என்று தோன்றியது. உடம்பெல்லாம் வெல்லப்பாகு ஓடியது.

"எந்தப் பெட்டிகிட்ட சார்?" என்றாள் ஹேமலதா.

கன்னியப்பன் தேவதாஸைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாகத் தனக்கொடியைப் பார்த்தார். அவள் முகத்தில் பரவிக்கொண்டிருந்த சிரிப்பைப் பார்த்தவுடன் அவருக்குள் ஏதோ சமாதானமாகிவிட்டது. மறுபடி உட்கார்ந்தார். வேட்டி மடிப்பைச் சரி செய்தார்.

"சரி. சொல்லிட்டேன்ல. முழுசாவே சொல்லிடறேன், கேட்டுக்க. நின்னேன். காதை அந்த மரத்துல ஒட்ட வச்சிக்கிட்டு நின்னேன்."

தனக்கொடியின் சிரிப்பு அப்படியே இருந்தது. உள்ளே மட்டும் ஒன்று பிசகியது. மரத்தின் அந்தப் பக்கம் ஒரு காது இருந்திருக்கிறது. அப்படியானால் அது என்ன கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கதையில் ஒரு தடவைகூட அவள் சொல்லாதது அது. உப்பு கம்மி என்று அவள் அன்றைக்குச் சொல்லவே இல்லை, ஒன்றுமே சொல்லவில்லை. தன் பேரைத் தம்பி வாயால் கேட்டவுடன் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெட்டியடியில் அழுகுரல் கேட்டால் மறுபடி வெளியே அனுப்பிவிடுவோம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். வெளியே மாமன் இருந்தார். ஒரு முழு வடையை வாய்க்குள் திணித்தாள். அது பத்தவில்லை. இன்னொன்றைத் திணித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, சத்தம் வராமல் இருக்க, மென்றுகொண்டே இருந்தாள்.

"அப்பா எங்கிட்ட சொல்லி அனுப்புனது வேற" என்றார் கன்னியப்பன். குரலில் இப்போது மேடை இல்லை. கீரைக்காரர் வீட்டுப் பையனின் குரல். அதுதான் பயமாக இருந்தது. "'உள்ள அவதான் இருப்பா, கீரைக்காரனுங்க பேசிக்கிறாங்க. பேரைச் சொல்லிட்டுக் காதைக் குடுத்துக் கேளு. அழுதான்னா பொட்டியத் திருப்பி அவளை இழுத்துக்கிட்டு வந்துடு. மாமனும் வேணாம், மசுரும் வேணாம். நான் இன்னும் தலை முழுகல, நீ வர்ற வரைக்கும் கெணத்தடியில ஒக்காந்திருக்கேன்'னாரு."

தனக்கொடி எதையாவது சொல்ல வாயைத் திறந்தாள். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பொய்கூடக் கிடைக்கவில்லை.

"கேட்டேன். ரொம்ப நேரம் நின்னு கேட்டேன். அழுகையே வரல. சவக் சவக்குன்னு மெல்லற சத்தம். வீட்டுக்குப் போனேன். அப்பா கெணத்தடியில ஒக்காந்திருந்தாரு. 'அவ என்னாடா பண்றா'ன்னு கேட்டாரு. 'தின்னுறாப்பா'ன்னேன். அந்தாளு வாளியத் தூக்கித் தலையில கவுத்துக்கிட்டாரு."

ஹேமலதாவின் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்குங்க மேடம். நடந்தது நெசந்தான். இவ எங்கக்கா தனக்கொடிதான். அவ கருமாதி வடைய அவதான் தின்னா. தூக்குல ஒண்ணு மிச்சம் வைக்கல."